நாலாவது டிஸ்கில் வந்த நாச்சிமுத்து

காரைவலசுக் குடிநீர்ப் பரிசோதனை நிலையத்தில் சர்வரின் நாலாவது டிஸ்க் செத்துப்போன திங்கட்கிழமைக்கும் அதையடுத்து வந்த வெள்ளிக்கிழமைக்கும் நடுவில், அங்கே இரண்டு வருஷமாகக் காலியாகக் கிடந்த நாலாவது நாற்காலியில் ஒரு மனிதர் பாதத்திலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தார் என்பதை அந்த ஊரில் யாரும் மறுப்பதில்லை. எப்படி வந்தார் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள், யார் வரவழைத்தது என்று கேட்டால்தான் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்கள்.

நிலையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சந்தைப்பேட்டைக்குப் பின்னால், மஞ்சள் குடோனை ஒட்டி, நாலு அறையுள்ள ஓட்டுக் கட்டடம். சுற்றியுள்ள முப்பத்தெட்டு ஊர்களின் கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் கண்ணாடி பாட்டில்களில் அங்கே வந்து, குடிக்கலாம், குடிக்கக் கூடாது என்று எண்களாக மாறி, சர்வருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஐந்து மேஜைகள். முதல் மேஜை அதிகாரி அருணகிரியுடையது. இரண்டாவது, தண்ணீரைப் பரிசோதிக்கும் சுலோச்சனாவுடையது; இருபத்தாறு வருஷ சர்வீஸ், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். மூன்றாவதில் எண்களைக் கணினியில் ஏற்றும் கோகிலவாணி. ஐந்தாவது ஜீப் ஓட்டும் காஜாமைதீனுடையது. அதில் அவர் சாப்பாட்டு டப்பாவைத் தவிர எதையும் வைத்ததில்லை. நாலாவது மேஜை, ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் பிடித்து வந்த நாச்சிமுத்துவுடையதாக இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முந்திய சித்திரையில், ஓடைக்காட்டு வீதியின் போர் தண்ணீரில் குறையொன்றும் இல்லை என்று நிலையம் எழுதிக்கொடுத்த பத்தாம் நாள், அந்த வீதிப் பிள்ளைகள் பதினேழு பேருக்கு வாந்தியும் உடம்பெல்லாம் கொப்புளமும் வந்து, அதில் ஒரு பெண் குழந்தை பிழைக்கவில்லை. விசாரணை வந்தது. அந்த பாட்டில் தண்ணீரில் குளோரின் இருந்ததாகப் பதிவாகியிருந்தது; குளோரின் குழாய்த் தண்ணீரில் கலப்பது, பூமிக்கடியிலிருந்து வரும் தண்ணீரில் அது இருக்காது. ஆகவே நாச்சிமுத்து அந்த வீதிக்குப் போகாமலே ஏதோ ஒரு குழாயில் பிடித்து, ஓடைக்காட்டு வீதி என்று பெயரெழுதி ஒட்டிவிட்டார் என்று முடிவாயிற்று. வீதிக்காரர்கள் அவர் வீட்டுக் கதவில் சாணியை வாரி அடித்தார்கள். ஒரு காலையில் அவர் தோளில் பையோடு பஸ் ஏறியதைக் கோகிலவாணி பார்த்தாள், அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. தலைமறைவு என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அதற்குள் நல்ல மழை பெய்து, விசாரணைக்கு வந்தவர்கள் மறுபடி எடுத்துப் பார்த்த தண்ணீர் குடிக்கத் தக்கது என்று வந்ததால், வீதிக்காரர்களும் அதே போரில் குடத்தை வைத்தார்கள்.

இப்படியிருக்க, அந்தத் திங்கட்கிழமை காலை சர்வர் விடாமல் கத்த ஆரம்பித்தது, கோயம்புத்தூரிலிருந்து ரெஜினா என்ற பொறியாளர் மதியத்துக்குள் வந்தாள். பதினோரு வருஷமாக ஆபீஸ் ஆபீஸாகப் போய் சர்வர் பழுது பார்க்கிறவள். வந்தவள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஐந்து டிஸ்கில் நாலாவதில் சிவப்பு விளக்கு. கொண்டுவந்த புது டிஸ்கைச் செருகினாள், சர்வர் அதைக் கண்டுகொள்ளவில்லை. டிஸ்குகளை ஆளும் கார்டின் ஃபர்ம்வேர், அதாவது அதற்குள்ளேயே பொதிந்து வைத்த புத்தி, ஏழு வருஷப் பழசு. அதைப் புதுப்பித்தாள். சர்வர் அணைந்து எழுந்து, புது டிஸ்கை ஏற்று, அதை நிரப்ப ஆரம்பித்தது.

என்ன நடக்கிறது என்று அதிகாரி கேட்டார். ஐந்தும் தங்களுக்குள் பங்குபோட்டு வைத்திருப்பவை, ஒன்று செத்தால் மிச்சம் நாலும் தங்களிடம் உள்ளதைக் கூட்டிக் கழித்துச் செத்ததில் என்ன இருந்தது என்று சொல்லிவிடும், அதை வைத்து அந்த ஒன்றைத் திரும்பக் கட்டிவிடலாம் என்று அவள் விளக்கினாள். நாலும் நாலு விதமாகச் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டவர் சுலோச்சனா. அப்படி நடக்காதுங்க மேடம் என்றாள் ரெஜினா. மூன்று சதவீதம் என்று திரை காட்டியபோது, நாலாவது நாற்காலிக்கு முன்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பும், அதற்குள் மண் படிந்த இரண்டு பாதங்களும் இருந்தன.

இடது செருப்பில் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. அதைப் பார்த்துத்தான் யாரென்று தெரிந்தது. யாரும் கத்தவில்லை, ஓடவுமில்லை. அதிகாரி தன் மேஜையின் இழுப்பறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மாலை டீ வாங்கப் போன கோகிலவாணி ஒன்று கூடுதலாக வாங்கி வந்து, குடிக்க வாயில்லாததால் முழங்கால் பக்கத்தில் வைத்தாள். காஜாமைதீன் அதைப் பார்த்து, அவருக்குச் சர்க்கரை ஆகாது என்று மட்டும் சொன்னார். ஐந்து மணிக்குப் பூட்டும்போது இருபது சதவீதம், வேட்டி தெரிந்தது. செவ்வாய் மாலை தோள்வரை வந்தார். புதன்கிழமை காலை ஆபீஸ் திறந்தபோது முகத்தோடு உட்கார்ந்திருந்தார், கண்களைச் சிமிட்டினார், எண்பத்தொரு சதவீதத்தில் எல்லாம் நின்றுபோனது. வலது கை மட்டும் இல்லை. முழங்கைக்குக் கீழே சட்டைக் கை வெறுமனே தொங்கியது.

ஊர் அதற்குள் ஜன்னலில் தொத்தியிருந்தது. வந்தவரை வைத்து என்ன செய்வது என்பதில்தான் பேச்சு இருந்ததே தவிர, வரலாமா என்று யாரும் கேட்கவில்லை. வருகைப் பதிவேட்டில் அவரைச் சேர்ப்பதா என்று அதிகாரி மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். கட்டை விரல் வைக்கும் மிஷினுக்கு வலது கை வேண்டுமே என்று கோகிலவாணி கவலைப்பட்டாள். போலீஸ்காரர் ஒருவர் வந்து, காணவில்லை என்று யாரும் புகார் கொடுக்காததால் கிடைத்துவிட்டார் என்று எழுத வழியில்லை என்று சொல்லிப் போனார். சந்தைக்கு வந்தவர்கள் தூக்குப்போசியில் தங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்கள், அவர் இடது கையால் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, திரும்ப வைத்தார். ஓடைக்காட்டு வீதிக்காரர்கள் மட்டும் காம்பவுண்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றார்கள். இது நிலையத்துக்காரர்கள் சேர்ந்து செய்கிற ஜோடனை, குற்றத்தையெல்லாம் இந்த ஆளின் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்துப் பழைய கோப்புக்கு முத்திரை குத்தப் பார்க்கிறார்கள் என்பது அவர்கள் எண்ணம்.

அவர் பேசினார். ஆனால் அந்த ஆபீஸின் நாலு பேரில் யாராவது ஒருவர் முன்பு அவர் வாயால் கேட்டதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. "மூடிய இறுக்குங்க" என்பார். "பாட்டிலுக்குள்ள காத்து நிக்கக் கூடாதுங்க" என்பார். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒருவர் தலை குனிய, மற்ற மூவரும் அவரைக் குறித்து வைத்துக்கொண்டார்கள். புதன் மதியத்துக்கு மேல் அந்த ஆபீஸில் யாரும் தனியாக நாச்சிமுத்துவின் பக்கத்தில் நிற்கவில்லை, யாரையும் தனியாக நிற்க விடவுமில்லை. சாப்பாட்டை ஆளுக்கொரு மூலையில் சாப்பிட்டார்கள்.

எல்லோருக்கும் சேர்த்துச் சந்தேகம் ரெஜினாவின் மேல்தான் முதலில் விழுந்தது. இவளை மேலிடம் உளவு பார்க்க அனுப்பியிருக்கிறது என்றார் அதிகாரி. நாச்சிமுத்துவுக்குச் சொந்தமாயிருப்பாள் என்று டீக்கடையில் சொன்னார்கள். அவள் தங்கியிருந்த லாட்ஜின் மேனேஜர், சொந்த ஊர் எது, தாய்மாமன் யார் என்று விசாரித்தார். சாப்பிட்டுவிட்டு வந்தபோது அவளுடைய கருவிப் பை திறந்து கிடந்தது, திருப்புளிகள் இடம் மாறியிருந்தன. அவளும் தன் பங்குக்கு எதையும் நம்பவில்லை. கேபிளை மாற்றினாள். கார்டின் பேட்டரியை மாற்றினாள். தான் ஏற்றிய ஃபர்ம்வேரில்தான் கோளாறோ என்று பழையதையே திரும்ப ஏற்றிப் பார்த்தாள். நாச்சிமுத்துவின் முகம் கலங்கிய குட்டை போலாகி, குரல் போய்விட்டது. பயந்துபோய்ப் புதியதையே மறுபடி ஏற்றினாள், முகம் தெளிந்தது, கை வரவில்லை. கடைசியில் சர்வர் தனக்குத்தானே எழுதிவைக்கும் குறிப்புகளை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, அதிகாரியின் மேஜைக்கு வந்தாள்.

"செத்த டிஸ்க்னால ஒண்ணும் மோசமில்லைங்க சார், மாத்திரலாம். தான் நல்லாயிருக்கேன்னு பச்சை விளக்குக் காட்டிக்கிட்டே தப்பாப் படிக்கிற டிஸ்க்தான் ஆபத்து. இங்க நாலும் பச்சை. ஆனா நாலும் சொல்றது ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரல."

"நாலுல ஒண்ணு பொய் சொல்லுதுங்கறீங்களா?"

"ஒண்ணுதான்னு என்னால சொல்ல முடியாதுங்க."

அவள் டிஸ்கைத்தான் சொன்னாள். ஆனால் அறையில் இருந்த நாலு பேரும் கையிலிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை காலை காஜாமைதீன் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தபோது நாச்சிமுத்து அவர் பக்கம் திரும்பி, "வண்டி வேண்டாங்க பாய், நீங்க புள்ளையப் பாருங்க, நான் பஸ்ல போய்க்கறேன்" என்றார். சொன்ன குரல் அன்பாகத்தான் இருந்தது. அதிகாரி எழுந்து வந்து, எந்த நாளைச் சொல்கிறார், எந்த பஸ் என்று கேட்டார். காஜாமைதீன் டப்பாவை மேஜையின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார். அப்புறம், அன்றைக்குத் தன் மகளுக்கு இடுப்பு வலி கண்டுவிட்டதையும், யாரிடமும் கேட்காமல் ஆபீஸ் ஜீப்பில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதையும், நாச்சிமுத்து பாட்டில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடைக்காட்டு வீதிக்கு டவுன் பஸ் ஏறியதைத் தன் கண்ணால் பார்த்ததையும் சொன்னார்.

"விசாரணையில, ஜீப்பு அந்த வீதிக்குப் போச்சான்னுதாங்க கேட்டாங்க. போகலைன்னேன். அது பொய்யில்லைங்களே. அவரு பஸ்ல போனாரான்னு யாரும் கேக்கல, நானும் சொல்லல."

உள்ளேயிருந்து ரெஜினா எண்பத்தெட்டு என்றாள். தொங்கிக்கொண்டிருந்த சட்டைக் கை பருத்து, மணிக்கட்டு வரை நிரம்பியது.

இதைப் பார்த்துப் பயந்துபோன கோகிலவாணி, யாரும் கேட்காமலே அழ ஆரம்பித்தாள். நாச்சிமுத்து போன பிறகு தண்ணீர் பிடிக்க ஆளே போடவில்லை. ஆறு மாதத்துக்கொரு முறை எண் ஏற்றாவிட்டால் கணினி அடுத்த பக்கத்துக்கு விடாது. அதனால் ஓடைக்காட்டு வீதிக்கு மழைக்குப் பிறகு வந்த அந்த ஒரே எண்ணைத்தான் நாலு தடவையும் திரும்பத் திரும்ப ஏற்றினேன் என்றாள். திரையில் சதவீதம் அசையவில்லை, ஏனென்றால் அது நாச்சிமுத்துவைப் பற்றியதில்லை. ஆனால் ஜன்னலில் நின்றவர்கள் கேட்டுவிட்டார்கள். வேப்பமரத்தடிக்குச் செய்தி போனது, ஓடைக்காட்டு வீதி முழுக்கக் காம்பவுண்டுக்குள் வந்து வராந்தாவில் உட்கார்ந்தது. இரண்டு வருஷமாக யாரும் தொட்டே பார்க்காத தண்ணீரைத்தான் குடிக்கிறோமா என்று ஒரு கிழவர் அதிகாரியிடம் கேட்டார். அதிகாரி, விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.

மதியம் ராமாத்தாள் வந்தாள், நாச்சிமுத்துவின் மனைவி. மெலிந்த, நெடிய பெண். பஞ்சாலை வேலை முடித்து வந்திருந்தாள், தலையிலும் புருவத்திலும் பஞ்சு. கூட்டம் அவளுக்கு வழிவிட்டது, அவள் என்ன செய்யப்போகிறாள் என்று பார்க்கத்தான். அவள் நாற்காலியில் இருந்தவரை முன்னாலிருந்து பார்த்தாள், பக்கவாட்டில் போய்ப் பார்த்தாள், பின்னங்கழுத்தைக் குனிந்து பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"எங்கூட்டுக்காரரு இல்லீங்க இது" என்றாள். "இது நீங்க நாலு பேரும் வெச்சிருந்த ஆளு."

அதிகாரி அவளைச் சமாதானப்படுத்துகிற குரலில், அந்தச் சமயத்தில் தானே இரண்டு முறை நேரில் வந்ததாகவும், வீடு பூட்டிக் கிடந்ததாகவும், கோப்பில்கூட எழுதியிருப்பதாகவும் சொன்னார்.

"எங்கூட்டுக்குப் பூட்டே கெடையாதுங்க. நாதாங்கி மட்டுந்தான்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். போகவில்லை, என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். நாற்காலியில் உள்ளங்கை வந்தது, விரல்கள் மட்டும் இல்லை. திரையில் தொண்ணூற்றாறு. ராமாத்தாள் அதைப் பார்ப்பதற்கு நிற்கவில்லை, அவருக்குச் சோறாக்க வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டாள். அவருக்கு என்றால் யாருக்கு என்று ரெஜினா ஒரு கணம் யோசித்தாள், பிறகு சதவீதத்தைக் கவனிக்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மேலிடத்திலிருந்து பதில் வந்தது. மறுகட்டுமானத்தை உடனே நிறுத்தி, எடுத்துவைத்த பழைய நகலைப் பன்னிரண்டு மணிக்குள் ஏற்றிவிட வேண்டும், நாற்காலியைக் காலியாக வைக்க வேண்டும் என்றிருந்தது. இதற்குள் ஊர் தீர்ப்பெழுதி முடித்திருந்தது. பூட்டு விஷயத்தில் பொய் சொன்னவர்தான் பாட்டில் விஷயத்திலும் சொல்லியிருப்பார், எல்லாம் அருணகிரி செய்தது என்று வராந்தாவில் கோஷம் போட்டார்கள். போலீஸ்காரர்கள் மூன்று பேர் வந்து, பாதுகாப்புக்காக அதிகாரியைக் கூட்டிப்போய்விடலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் அழவுமில்லை, மறுக்கவுமில்லை. ஒரு பொய்யை ஒப்புக்கொண்டவன் வேறு எதை மறுத்தாலும் எடுபடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ரெஜினா சர்வர் அறையில் தனியாக இருந்தாள். நாலு நாளாக ஒரு விஷயத்தை அவள் கவனித்திருந்தாள். காலையில் வந்ததும் மற்ற மூவரும் முதலில் நாற்காலியைப் பார்ப்பார்கள். சுலோச்சனா மட்டும் கைப்பையை வைப்பதற்கு முன்னால் நேரே இங்கே வந்து, எத்தனை சதவீதம் என்று கேட்பார். இன்றைக்குக் காலையில் கேட்டுப் போனவர் இப்போது மறுபடி வந்து நின்றார்.

"தொண்ணூத்தாறுலயே நிக்குதுங்க மேடம்" என்றாள் ரெஜினா. "பன்னெண்டு மணிக்குப் பழைய நகலை ஏத்திருவேன். அதுல பழைய கோப்பு பழையபடியே இருக்கும். இவரு போயிருவாரு. அதிகாரியையும் கூட்டிட்டுப் போயிருவாங்க. அதோட முடிஞ்சுரும்."

சுலோச்சனா சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். வெளியே நாச்சிமுத்து பேசுவது கேட்டது. "பேரு எழுதி ஒட்டியிருக்கேனுங்க அம்மா, மாத்தி வெச்சிராதீங்க." காலை பத்தரை மணியிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார், ஒரே தணிந்த குரலில், ஒவ்வொரு முறையும் முதல் முறை போல.

சுலோச்சனா வெளியே வந்தார். வராந்தாவுக்குப் போகாமல் நாலாவது மேஜைக்கு முன்னால் போய் நின்றார். அவர் குரல் யாருக்கும் பழக்கமில்லாததால் கூட்டம் கோஷத்தை நிறுத்திக் காது கொடுத்தது.

"பாட்டில் என் கையிலதான் உடைஞ்சது. கழுவற தொட்டி மேல வெச்சேன், வழுக்கிருச்சு. அன்னைக்கு நாப்பது பாட்டில் வரிசையில நின்னுது. அந்த வீதித் தண்ணி எப்பவும் நல்லாத்தான் வரும், இந்தத் தடவை மட்டும் என்ன வரப்போகுதுன்னு, வேற பாட்டில எடுத்துத் தொட்டிக் குழாயிலயே புடிச்சேன். அவரு எழுத்து மாதிரியே பேரெழுதி ஒட்டினேன். அந்த 'ஓ'னா மட்டும் அவரு சுழிக்கற மாதிரி வரல. யாராச்சும் அதைப் பாத்துருவாங்கன்னு ரெண்டு வருஷமா இருக்கேன். யாரும் பாக்கல."

முதலில் கட்டை விரல் வந்தது. பிறகு மற்ற நாலும் ஒன்றாக, மடங்கியபடி வந்தன. உள்ளே சர்வரில் நாலாவது விளக்கு பச்சையாகி, திங்கட்கிழமையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் தணிந்தது. நாச்சிமுத்து வலது கையை முகத்துக்கு நேரே பிடித்து விரித்தார், மடக்கினார். எழுந்தார். சுவர் ஆணியில் தொங்கிய காலி பாட்டில் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

யாரும் மறிக்கவில்லை. சுலோச்சனா செருப்பைக்கூட மாட்டாமல் அவர் பின்னால் போனார். போலீஸ்காரர்கள் அந்தம்மாவைப் பிடிப்பதா விடுவதா என்று தெரியாமல் அதிகாரியைப் பார்க்க, அதிகாரி, விடுங்கள் என்று கையைக் காட்டினார். சந்தைப்பேட்டைக் கடைக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள்: முன்னால் பையோடு அவர், இருபதடி பின்னால் வெறுங்காலோடு அந்தம்மா, அதற்கும் பின்னால் எதையும் நம்பாத முகத்தோடு ஓடைக்காட்டு வீதிக்காரர்கள் சிலர். மாவு மில்லைத் தாண்டித் தன் வீடிருக்கும் சந்துக்குள் நாச்சிமுத்து திரும்பினார். சுலோச்சனா திரும்பியபோது சந்தில் ஆள் இல்லை. கடைசி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அதில் பூட்டு இல்லை, சாணி காய்ந்த கறை இன்னும் இருந்தது.

தட்டினார். ராமாத்தாள் கதவைப் பாதி திறந்தாள், உள்ளே வரச் சொல்லவில்லை. சுலோச்சனா அங்கே நின்றபடியே எல்லாவற்றையும் இரண்டாம் முறையாகச் சொன்னார், தொட்டி, குழாய், எழுத்து. ராமாத்தாள் கேட்டுவிட்டு, இருங்க என்று உள்ளே போனாள். கொஞ்சம் கழித்து, சோற்றுக் கையைத் துண்டில் துடைத்தபடி நாச்சிமுத்து வந்து நின்றார். நாற்காலியில் இருந்தவரைவிட மெலிவு, தாடி முழுக்க நரை, வெயிலே படாத தோல். வாய் அதே வாய்தான், ஆனால் என்ன சொல்லும் என்று முன்கூட்டித் தெரியாத வாய்.

"நீங்க போயிட்டீங்கன்னு..." என்றார் சுலோச்சனா.

"அடுத்த ஸ்டாப்புலயே எறங்கிட்டேன். எங்க போறது? வந்து கதவத் தட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்." அவர் சந்து முனையில் நின்றவர்களை எட்டிப் பார்த்தார். "இதைச் சொல்லச் சொல்லி உங்கள யாரு அனுப்பிச்சாங்க?"

"யாரும் அனுப்பல."

அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை. சுலோச்சனாவின் வெறுங்காலைக் கவனித்தார். பிறகு கேட்டார்.

"அந்தத் தண்ணிய இன்னமும் குடிக்கறாங்களா?"

ஆமாம் என்றார் சுலோச்சனா. நாச்சிமுத்து உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். ராமாத்தாள் தடுக்கவில்லை, கதவை மட்டும் சாத்திக்கொண்டாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு தெருவில் இறங்கியவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சுவரோரமாகவே நடந்து, ஓடைக்காட்டு வீதிக்குப் போனார். சாயப்பட்டறைப் பக்கமிருந்து ஓடை வந்து வளையும் இடத்தில் அந்த போர் இருந்தது. அங்கே சரசா குடத்தை நிரப்பி இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் பிழைக்காமல் போன குழந்தை அவளுடையது. அவள் நிலையத்துப் பக்கம் ஒரு நாளும் வந்ததில்லை, இந்த நாலு நாளும் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

சுலோச்சனா மூன்றாம் முறையாகச் சொன்னார். இந்த முறை வார்த்தைகள் சரியாக வரவில்லை. சரசா குடத்தை இறக்காமலே கேட்டாள். முடிந்ததும் நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீங்க அன்னைக்கு இங்க வந்தீங்க."

"வந்தேன்."

"உங்க மேல தப்பில்லையாமா. அப்புறம் எதுக்கு ரெண்டு வருஷம் ஒளிஞ்சுக்கிட்டிருந்தீங்க?"

பின்னால் வந்த வீதிக்காரர்கள் நெருங்கி வந்து நின்றார்கள். நாலு பேர் சேர்ந்து சொன்னதிலும் இல்லாத, எந்த டிஸ்கிலும் ஏறாத ஒன்று அவரிடம் மட்டும் இருந்தது, ராமாத்தாளுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

"அன்னைக்குப் புடிக்கறப்பவே ஒரு வாடை அடிச்சுதுங்க" என்றார். "சாய வாடை. நீங்க குடத்தோட பக்கத்துலதான் நின்னுட்டிருந்தீங்க. புடிக்காதீங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நாம எதுக்குச் சொல்லணும், பாட்டில் சொல்லிரும்னு போயிட்டேன்."

சரசா அவரைப் பார்த்தாள். சுலோச்சனாவைப் பார்த்தாள். இரண்டு பேரில் யாரை எவ்வளவு நம்புவது என்று அளப்பது போல அந்தப் பார்வை போய்ப் போய் வந்தது. பிறகு இடுப்பை வளைத்துக் குடத்தை அப்படியே சாய்த்தாள். தண்ணீர் மூன்று பேரின் காலடியிலும் பரவி ஓடைப் பக்கம் இறங்கியது. கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்திருந்தாள்.

அப்புறம் காலிக் குடத்தோடு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "அந்தத் தண்ணியப் புடிக்காதீங்க" என்றாள்.